பொறி பிறக்கும் வேளை



கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, மகாவலி கங்கைக்கும் மலைநாட்டுப் புகையிரதப் பாதைக்கும் அண்மையில் அமைந்த சிறிய பட்டினம் கெலிஓயா. பொழுது புலருமுன் அங்கே விழித்திருப்பவர்களுக்கு ஓர் ஓசை நன்கு பழக்கமானது. யாரோ ஒரு வியாபாரி தம்முடைய பழைய பிக்கப் வண்டியைக் கிளப்புகின்ற ஓசை அது. முதல் முயற்சியிலேயே இயந்திரம் எழுந்து சீராக ஓடினால், அந்த வீட்டிலே அன்றைய நாள் நன்றாகத் தொடங்கிற்று என்று கொள்ளலாம். இருமுறை செருமி, ஒருமுறை வெடித்து, பின்பு ஓய்ந்துவிடுமாயின், சந்தைக்குப் போகவேண்டிய மூடைகள் வாசலிலேயே கிடக்கும். அன்றைய வருமானமும் அவற்றோடு கிடக்கும்.

இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல வேளைகளில் மிகச் சிறியது. இயந்திரத்தின் உள்ளே பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கும் மின்பொறி சற்று முந்திப் பிறக்கிறதா, சற்றுப் பிந்திப் பிறக்கிறதா என்பதே அது. கராஜ்களிலே இதனை 'டைமிங்' என்பார்கள். அந்த டைமிங்கின் அடிப்படை அளவை ஒரு பழைய பிக்கப் வண்டியில் எவ்வாறு சரியாக வைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய வண்டிகளைப் பற்றி இக்காலத்திற் பேசுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மிடம் இருந்த வண்டிகளைக் கொண்டே நாம் காலம் கழித்தோம். 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், பின்னர் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதும் எவருக்கும் மறந்திரா. டைமிங் பிந்திய ஓர் இயந்திரம் அந்த அளந்த பெற்றோலிலும் ஒரு பகுதியை வீணே வெப்பமாக்கிப் புகைக்குழாய் வழியே விட்டுவிடும். ஆகவே இது பழம்பொருள் விரும்பிகளின் பொழுதுபோக்கு மட்டுமன்று. வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய விஷயமுமாகும்.

எங்கள் குடும்பத்திலேயே நிகழ்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். என் தமையனாரிடம் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் இருந்தது. மொறிஸ் மைனர் வண்டி 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த வண்டி. அதன் பிக்கப் வடிவம் 1953 இல் வந்தது. எளிமையான இயந்திரம்; ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தலைமுறை கடந்தும் உழைக்கும். தமையனார் நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக் கீழ்நாட்டுக்குக் கொண்டு செல்வார். ஒருநாள் நுவரெலியாவிலே வண்டி சற்று மந்தமாக ஓடுகிறதென்று, வழியிலிருந்த ஒரு கராஜிலே காட்டினார். அங்கிருந்தவர் அளவுக் கருவி எதுவும் எடுக்கவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, டிஸ்டிரிபியூட்டரைக் கையாற் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஓசை இனிமையாக வந்த இடத்தில் நிறுத்தி இறுக்கிவிட்டார். வண்டியும் புதுவண்டி போல் ஓடிற்று.

கீழே சென்று திரும்பும்போது, பாரத்தோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகையில், பித்தளைச் செம்பிலே குன்றிமணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை ஒன்று இயந்திரத்திலிருந்து எழுந்தது. எங்கோ ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது என்று தமையனார் எண்ணினார். அவ்வெண்ணத்தோடு பல நாட்கள் அதே வழியில் ஏறி இறங்கினார். ஒரு மாலை வண்டி நீலப்புகை கக்கி நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலை உருகித் துளைபட்டிருந்தது. புதிய பிஸ்டன் கிடைப்பது அரிதான காலம் அது. வண்டி ஏறத்தாழ மூன்று மாதம் கூரையின்கீழ் நின்றது. அந்த மூன்று மாதங்களும் எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த வண்டியைத் திருத்திக் கொடுத்தவர் கெலிஓயாவிலே முதிய வயதிலும் கராஜ் வைத்திருந்த ஒரு நானா. பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டி அவர் சொன்னார்: "தம்பி, மலை உச்சியில் காது சொன்ன கணக்கு இது. மலையடிவாரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நேரத்தை விளக்கு வைத்துப் பார்க்க வேணும். காதைக் கடைசியில்தான் கேட்க வேணும்."

அவர் சொன்னதன் உண்மையை உணர்வதற்கு, இயந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சற்றே நோக்குவோம். சிலிண்டரின் உள்ளே பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேல்நோக்கி அமுக்குகின்றது. அப்போது மின்பொறி பிறந்து கலவை எரிகின்றது. எரிதல் என்பது ஒரு நொடியில் முடிந்துவிடும் வெடிப்பன்று. பொறியிலிருந்து தீ பரவி அறை முழுவதையும் பற்றுவதற்கு ஏறக்குறைய ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடி செல்லும் என்று கொள்வோம். பிஸ்டன் உச்சியைக் கடந்து சற்றே கீழிறங்கத் தொடங்கும்போது அழுத்தம் உச்சநிலையை எய்தவேண்டும். அவ்வாறாயின், பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி பிறந்துவிட வேண்டும் என்பது தெளிவு.

எவ்வளவு முன்பு என்பதுதான் வினா. கிராங்க் தண்டின் ஒரு முழுச் சுற்றை 360 பாகையாகக் கொள்கிறோம். நிமிடத்துக்கு 600 சுற்று வீதம் மெதுவாக ஓடும் இயந்திரத்தில், அந்த ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடிக்குள் தண்டு ஏழு பாகை அளவே திரும்பும். 3000 சுற்று வீதம் ஓடும்போதோ அதே நேரத்துக்குள் 36 பாகை திரும்பிவிடும். வேகம் கூடும்போது உட்கலவை மிகுதியாகக் கலங்குவதால் எரிதலும் விரையும். ஆயினும் அவ்விரைவு முழுதும் ஈடுசெய்யப் போதாது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறியும் முந்திக்கொண்டே போகவேண்டும்.

முற்கால வண்டிகளில் இவ்வேலையைச் சாரதியே செய்தார். 1908 இல் வெளிவந்த போர்ட் டி வகை வண்டியிலே, திசைச் சக்கரத்தின்கீழ் இடப்புறம் இருந்த கைப்பிடி பொறியை முற்படுத்தவும் பிற்படுத்தவும் உதவியது. பின்வந்த வண்டிகளில் இப்பணியை டிஸ்டிரிபியூட்டருக்கு உள்ளும் புறமும் அமைந்த இரண்டு உதவியாளர் ஏற்றுக்கொண்டனர். ஒன்று, வேகத்துக்கு ஏற்ப விரியும் சிறிய பாரக்கட்டைகள். மற்றொன்று, காபரேட்டர்ப் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியே இயங்கும் வெற்றிட உறை. வண்டி பாரமின்றி இலகுவாக ஓடும்போது இது பொறியை மேலும் முற்படுத்தும், ஏற்றத்தில் சாரதி முழுதாய் மிதிக்கும்போது தன் உதவியைப் பின்வாங்கிக்கொள்ளும்.

இவ்விரண்டும் கூட்டுவனவெல்லாம் ஓர் அடிப்படை அளவின்மீதே கூட்டுகின்றன. கெலிஓயாவிலிருந்து தௌலகல வழியாகச் சென்றால் எம்பெக்கே தேவாலயத்தை அடையலாம். கதிர்காமக் கடவுளுக்கு உரிய அத்தேவாலயத்தின் மரச்சிற்பத் தூண்களைக் காணப் பலரும் செல்வர். அங்கே கூரையின் ஓரிடத்தில் 26 கைமரங்கள் ஒன்றுகூடி, ஒரே ஒரு மர ஆணியிலே கோக்கப்பட்டு நிற்கின்றன. 'மடொல் குறுப்பாவ' என்று அதனைச் சொல்வர். அந்த ஓர் ஆணி இடம் பிசகினால் இருபத்தாறு கைமரங்களும் பிசகும். அடிப்படை டைமிங் அத்தகையது. அது மூன்று பாகை தவறினால், எல்லா வேகங்களிலும், எல்லா ஏற்றங்களிலும் அந்த மூன்று பாகைத் தவறு கூடவே வரும்.

இனி வேலைக்கு வருவோம். மொறிஸ் மைனர் போன்ற, பொயின்ற் பொருத்திய நான்கு சிலிண்டர் இயந்திரத்தை மனத்திற் கொண்டு சொல்கிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை விடுவித்து, கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டால் இயந்திரத்தைக் கையால் திருப்புவது எளிது. எந்தக் கம்பி எந்தச் சிலிண்டருக்கு உரியது என்பதை முதலிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இவ்வியந்திரத்திலே பொறி பிறக்கும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ரேடியேட்டருக்கு அண்மையிலுள்ளதே முதலாம் சிலிண்டர்.

முதல் வேலை டைமிங் அன்று, பொயின்ற் இடைவெளி. இந்த வரிசையை மாற்றுவதனாலேயே பலர் இருமுறை உழைக்கின்றனர். டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், நடுத்தண்டின் முனைப்பு ஒன்று பொயின்றைத் திறந்து மூடுவதைக் காணலாம். பொயின்ற் மூடியிருக்கும்போது கொயிலிலே மின்சாரம் ஓடுகின்றது. திறக்கும் அக்கணத்திலேதான் பொறி பிறக்கின்றது. முனைப்பின் உச்சியில் பொயின்ற் முழுதாய்த் திறந்து நிற்கும்போது, இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை, அதாவது 0.36 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை, இருத்தல் வேண்டும். அதனை மெல்லிய அளவுத் தகட்டால் அளக்கலாம். இடைவெளி கூடினால் பொயின்ற் முன்னதாகவே திறக்கும், பொறியும் முந்தும். குறைந்தால் பிந்தும். ஆகவே டைமிங்கை வைத்துவிட்டுப் பின்பு இடைவெளியைத் தொட்டால், வைத்த டைமிங் போயிற்று என்பதே பொருள். பொயின்றின் குதிப்பகுதி நாளடைவில் தேய்வதனால் இடைவெளி குறுகி, எவரும் தொடாமலே டைமிங் பிந்திவிடுவதும் உண்டு. வண்டி நாளுக்கு நாள் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, முதலாம் சிலிண்டர் அமுக்க நிலையில் மேலெழும் தருணத்தைக் காணல். முதலாம் பிளக் துளையை ஒருவர் பெருவிரலால் மூடிக்கொள்ள, மற்றவர் முன்புறமிருந்து ஹேண்டில் கம்பியால் இயந்திரத்தை அதன் இயல்பான திசையிலே மெதுவாகத் திருப்ப வேண்டும். விரலைக் காற்று உந்தித் தள்ளும்போது பிஸ்டன் அமுக்கத்தில் எழுகிறது என்று அறியலாம். இதனைப் பாராமல் கப்பியின் அடையாளத்தை மட்டும் நம்பினால், ஒரு முழுச் சுற்றுத் தவறிவிடும். தண்டு இருமுறை சுற்றினாற்றான் ஒரு சிலிண்டரில் ஒருமுறை பொறி பிறக்கின்றது அல்லவா?

இப்போது கப்பியின் விளிம்பிலுள்ள சிறு வெட்டைத் தேடுங்கள். இயந்திரத்தின் முன்மூடியிலே மூன்று கூர்முனைகள் இருக்கும். நீண்டது பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும்; மற்றவை உச்சிக்கு 5 பாகை முன்பும், 10 பாகை முன்பும் காட்டும். எண்ணெயும் புழுதியும் படிந்திருந்தால் துடைத்து, வெட்டிலே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். எத்தனை பாகையில் வைப்பது என்பதை அந்த இயந்திரத்துக்குரிய கைந்நூலிலே பாருங்கள். ஒரே தோற்றமுள்ள இயந்திரங்களிலும் கொள்ளளவுக்கும் அமுக்க விகிதத்துக்கும் ஏற்ப இந்த எண் மாறும். அயலவரின் வண்டிக்கு உரிய எண் உங்கள் வண்டிக்கும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். குறித்த இடத்தைக் கடந்து போய்விட்டால் சற்றே பின்திருப்பி நிறுத்துவது பிழை. நன்றாகப் பின்னே கொண்டுபோய், மீண்டும் முன்னோக்கி வந்தே நிறுத்த வேண்டும். சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் உள்ள தளர்ச்சி அப்போதுதான் கணக்கிலிருந்து நீங்கும்.

மூன்றாவது, விளக்கு. பன்னிரண்டு வோல்ற் சிறு விளக்கு ஒன்றும் இரு துண்டுக் கம்பியும் போதும். விளக்கின் ஒரு கம்பியைக் கொயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு வரும் சிறுகம்பியின் முனையிலும், மற்றதை இயந்திரத்தின் உலோக உடலிலும் பொருத்துங்கள். சாவியைத் திருப்புங்கள். பொயின்ற் மூடியிருந்தால் விளக்கு எரியாது; திறந்த கணமே எரியும். டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்திருக்கும் பட்டியின் ஆணியைச் சற்றே தளர்த்தி, மேலிருந்து நோக்குகையில் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாக, விளக்கு அணையும்வரை திருப்புங்கள். பின்பு கடிகார முள்ளின் வழியே மிக மெதுவாகத் திருப்பி வாருங்கள். விளக்கு எரியத் தொடங்கும் இடமே இடம். அங்கே நிறுத்தி ஆணியை இறுக்குங்கள். உள்ளேயிருக்கும் ரோட்டர் முதலாம் பிளக்குக்குச் செல்லும் முனையை நோக்கி நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்கியபின் வேலை முடிந்ததென்று எழுந்துவிடலாகாது. இறுக்கும்போதே டிஸ்டிரிபியூட்டர் இம்மியளவு நகர்ந்திருக்கலாம். இயந்திரத்தை இன்னும் இரண்டு முழுச்சுற்றுத் திருப்பி, கப்பியின் கோடு குறித்த பாகைக்கு வரும் அதே கணத்தில் விளக்கு எரிகிறதா என்று சோதியுங்கள். எரிந்தால் நன்று. சோதனை முடிந்ததும் சாவியை மூட மறவாதீர்கள். இயந்திரம் ஓடாதிருக்கப் பொயின்ற் மூடிய நிலையிலே சாவி நெடுநேரம் திறந்திருந்தால் கொயில் சூடேறிக் கெடும்.

சிலர் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கும் மின்னொளி விளக்கைக் கையாள்வர். அதுவும் சிறந்த முறையே. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, வெற்றிடக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, இயந்திரத்தை மிக மெதுவாக ஓடவிட வேண்டும். உதவியாளர் இருவரும் வாய்மூடி நிற்கும்போதுதான் அடிப்படையின் உண்மைக் குரல் கேட்கும். இரண்டாவது நிபந்தனை உயிரும் உறுப்பும் பற்றியது. அந்த மின்னொளியிலே கப்பி அசையாது நிற்பதுபோல் தோன்றும். சில வேளைகளில் விசிறியும் நிற்பதுபோலவே தோன்றும். அது நிற்கவில்லை. சாரத்தின் நுனியும், சட்டைக் கையும், விரலும் அதன் அருகே செல்லலாகாது.

1980களுக்குப் பின்வந்த பெற்றோல் பிக்கப் வண்டிகள் சிலவற்றில், பொறியை முற்படுத்தும் வேலையைக் கணினியே செய்கின்றது. டொயோட்டா வண்டிகள் பலவற்றிலே டி.ஈ.1, ஈ.1 என்னும் இரு முனைகளைக் கம்பியால் இணைத்த பின்பும், போர்ட் வண்டிகள் பலவற்றிலே ஒரு சிறிய இணைப்பைக் கழற்றிய பின்புமே அடிப்படை டைமிங்கைப் பார்க்க வேண்டும். கருவிகள் மாறினும் விதி ஒன்றே. கூட்டுவோரை முதலில் ஓயச்செய். பின்பு அடிப்படையை அள.

இனி, நானா கடைசியிற் கேட்கச் சொன்ன காதுக்கு வருவோம். ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கெலிஓயாவிலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்லும்போது, காற்றின் அழுத்தம் நூற்றுக்குப் பதினைந்து அளவு குறைந்துவிடுகின்றது. சிலிண்டருக்குள் புகும் காற்றும் குறைகின்றது, எரிதல் தாமதமாகின்றது, பொறி மிகையாக முந்தினாலும் இயந்திரம் முறையிடுவதில்லை. அதே வண்டி அடர்ந்த காற்றுள்ள கீழ்நாட்டுக்கு வந்து, பாரத்தோடு கடுகண்ணாவையில் ஏறும்போது, முந்திப் பிறந்த தீயும் மேலெழும் பிஸ்டனும் எதிரெதிரே மோதுகின்றன. எஞ்சிய கலவை தானே வெடிக்கின்றது. அதுவே அந்தக் குன்றிமணி ஓசை. என் தமையனாரின் பிஸ்டன் உருகியதன் காரணம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. இவ்வியந்திரங்களின் கைந்நூல்கள் அக்காலப் பெற்றோலுக்காக எழுதப்பட்டவை. நமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. ஆகவே நூலின் எண்ணில் வைத்தபின், நல்ல சூடேறிய இயந்திரத்தோடு, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு, உங்கள் பயணத்தின் தாழ்ந்த பகுதியிலுள்ள ஓர் ஏற்றத்திலே ஓட்டிப் பாருங்கள். குன்றிமணி ஓசை நீடித்தால், டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகை, 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்துக் காட்டும் திசையில் சிறிது திருப்புங்கள். அது பொறியைப் பிற்படுத்தும் திசை. 'ஏ' என்பது முற்படுத்தும் திசை. ஓசை நின்ற இடத்தோடு நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் பிற்படுத்தினால் ஓசை இராது; ஆனால் ஆற்றலும் இராது, ரேடியேட்டர் கொதிக்கும், பெற்றோல் செலவாகும். ஹேண்டில் கம்பியால் வண்டியைக் கிளப்புவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க: பொறி மிகையாக முந்திய இயந்திரம் கம்பியைத் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும்.

நேயர்களே! ஒரு விளக்கு, ஓர் அளவுத் தகடு, ஒரு சுண்ணாம்புக்கட்டி, ஒரு மணிநேரப் பொறுமை: இவையே இவ்வேலைக்கு வேண்டுவன. என் தமையனாரின் வண்டி பின்னரும் பல ஆண்டு ஓடிற்று. பொயின்றைத் தொட்டபோதெல்லாம் அவர் விளக்கையும் எடுத்துக்கொண்டே அமர்ந்தார். நான் அருகிருந்து கம்பியைத் திருப்புவேன். கோடு முனைக்கு நேராக வரும், விளக்கு எரியும். "சரி, இனி மூடையை ஏற்று" என்பார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எங்கள் அன்னையார் அடுப்படிக்குத் திரும்புவார்.

உங்கள் வண்டியிலும் அந்த விளக்கு உரிய வேளையில் எரிவதாக.